கல்லறைக் காவலும் கோபுரக் காவலும்

சீன தேசத்தில் தாங் வம்சத்தார் ஆண்ட காலத்தில் (618–907), பிரபுக்களின் கல்லறை வாயிலில் ஜோடியாக நிறுத்தப்பட்ட சுடுமண் காவல் மிருகங்கள், ஒன்று மனித முகமும் மற்றொன்று சிங்கம் போன்ற கோர முகமும் கொண்டு, கொம்பும் இறக்கையும் குளம்பும் ஒருங்கே தாங்கி, துஷ்ட ஆவிகளை விரட்டுவதற்கென்றே நிர்மாணிக்கப்பட்டவை. சூளையில் உருகிய பச்சையும் பழுப்பு மஞ்சளும் வெண்மையும் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து உறைந்திருப்பதே அவற்றின் தனி அழகு; முகத்தை மட்டும் பெரும்பாலும் பூச்சின்றி விட்டுப் பின்னர் தூரிகையால் தீட்டினார்கள்.

இத்தகைய விசித்திரப் பிராணியைத் தரிசிக்க நாம் சீனா செல்ல வேண்டியதில்லை. 1987-இல் பூர்த்தியாகி, 13 நிலைகளுடன் 236 அடி உயர்ந்து நிற்கும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை அண்ணாந்து நோக்கினால், உச்சிக் கூரையின் இரு முனைகளிலும் பிதுங்கிய விழியும் கோரைப்பல்லுமாக யாளி முகம் திருஷ்டி கழிக்கக் காண்கிறோம். சீனத்து மிருகம் பூமிக்கடியில் இருளில் புதைந்ததால் அதன் வர்ணம் பிழைத்தது. நம்முடையதோ வெயிலிலும் மழையிலும் நிற்பதால், கும்பாபிஷேகந்தோறும் புது வர்ணம் பெறுகிறது. அந்த வர்ணம் சற்று மிதமாக இருந்தால், சுதை வேலையின் நுட்பம் இன்னும் துலங்கும் என்பது என் அபிப்பிராயம்.