சீரம் கிருமியைக் கொல்கிறதா?

‘10% நியாசினமைடு’ என்று கொட்டை எழுத்தில் போட்ட சீரம் இப்போது தெருமுனைக் கடைக்கும் வந்துவிட்டது. பருக் கிருமியைக் கொல்லும் என்று கடைக்காரர் சொல்கிறார். ரீல்ஸ் போடுகிறவர்களும் சொல்கிறார்கள். பரு குறையலாம். ஆனால் கொல்வது அதன் வேலையல்ல.

கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற அந்தக் கிருமி, பருவே வராதவர் முகத்திலும் இருக்கிறது. மயிர்க்காலின் எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. துளை அடைபட்டு, உள்ளே அது பெருகி, உடல் எதிர்க்கத் தொடங்கும்போதுதான் சிவந்து வீங்குகிறது. வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு தணிப்பது அந்த வீக்கத்தை. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், 4% நியாசினமைடு ஜெல் எட்டு வாரத்தில் 1% கிளின்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லுக்கு ஈடாகப் பலன் தந்தது. கலந்துகொண்டவர்கள் 76 பேர்தான். அங்கே 4 போதுமாக இருந்தது. குப்பியில் 10 எதற்கு என்று விற்பவரைத்தான் கேட்க வேண்டும்.

வைட்டமின் ஏ வழிவந்த ட்ரெட்டினாயின், அடாபலீன் இரண்டும் துளை அடைபடாமல் காக்கின்றன. கர்ப்பிணிகள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். வைட்டமின் சி வகையான சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் ஆய்வுக்கூடத்தில் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்திருக்கிறது. கண்ணாடித் தட்டில் நடப்பதெல்லாம் கன்னத்தில் நடந்துவிடாது.

பெரிய ஆபத்து வேறு. ஆன்டிபயாடிக் களிம்பை மட்டும் மாதக்கணக்கில் பூசினால் கிருமி அதற்கு மசியாமல் போகும். டாக்டர்கள் பென்சாயில் பெராக்சைடையும் சேர்த்து எழுதுவது அதனால்தான். யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கலில் வாங்கும் ‘பரு க்ரீம்’ ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். முதலில் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலியும், பரு பொங்கும். ட்யூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் தொடாதீர்கள்.

1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, அழகுபடுத்துவது அழகுசாதனம், நோயைத் தீர்ப்பது மருந்து. பருவைக் குணமாக்கும் என்று சொல்லி விற்க மருந்து உரிமம் வேண்டும். லேபிளில் அடக்கி வாசித்துவிட்டு விளம்பரத்தில் அளப்பது இதனால்தான். இங்கே தயாரான அழகுசாதனமானாலும் பேட்ச் எண், உரிம எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு விதிகள்.

முகம் எரிந்து சிவந்தால் பூசுவதை நிறுத்துங்கள். குப்பியைத் தூக்கி எறியாதீர்கள். பில், முகத்தின் போட்டோ, தோல் டாக்டரின் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. அதே 1940 சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அறிக்கையைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளலாம்.