அண்ட இழைகளும் ஈர்ப்பு அலைகளும்

பெரியதொரு வயலில் பல குழுவினர் தனித்தனியே நாற்று நடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு குழுவின் வரிசையும் நேராகவே இருக்கும். திசை மட்டும் வேறுபடுமாயின், குழுக்கள் சந்திக்கும் இடத்தில் வரிசை முறியும். தொடக்ககாலப் பேரண்டம் குளிர்ந்தபோது அதில் நிறைந்திருந்த புலங்கள் இடத்துக்கிடம் வெவ்வேறு நிலையில் அமைந்து, இத்தகைய முறிவுகள் உண்டாகியிருக்கலாம் என 1976-ஆம் ஆண்டில் டாம் கிப்பிள் காட்டினார். இழை வடிவான முறிவுகளே அண்ட இழைகள். எவரும் இவற்றைக் கண்டதில்லை. இவை கணக்கில் மட்டுமே உள்ளன.

இழை தன்னையே வெட்டிக்கொள்ளுமிடத்தில் வளையம் பிரியும். அவ்வளையம் ஒளியின் வேகத்தை ஒட்டி அதிர்ந்து, ஈர்ப்பு அலைகளை வீசியே தேய்ந்து மறையும்.

ஓர் அதிர்வுக்கே ஆண்டுக்கணக்கில் ஆகும் நீண்ட அலைகளை அறியத் துடிவிண்மீன்களே நமக்குக் கடிகாரங்கள். அவற்றின் துடிப்பு அலையால் சற்றே முந்தியோ பிந்தியோ வந்து சேரும். ஒன்றை நோக்கினால் போதாது. பலவற்றை இணையிணையாக ஒப்பிடல் வேண்டும். இவ்வாறு கிடைத்த சான்றினை 2023 ஜூனில் பல நாட்டுக் குழுக்கள் வெளியிட்டன. ஐரோப்பியருடன் இணைந்த இந்தியக் குழு, புனே மாவட்டத்திலுள்ள 30 அலைவாங்கிகள் கொண்ட ரேடியோத் தொலைநோக்கியைப் பயன்படுத்தியது.

அவ்வலைகள் இழைகளிலிருந்து வந்தவையா? பெருங்கருந்துளை இணைகளே எளிய விளக்கம். எளிய இழைகள் தரும் அலைவரிசை நோக்கல்களுடன் நன்கு பொருந்தவில்லை. ஆயினும் ஓர் எல்லை கிட்டியுள்ளது: இழை உண்டெனில், அதன் ஒரு மீட்டர் நீளத்தின் நிறை ஏறத்தாழ ஒரு கோடி கோடி டன்னுக்கு மேற்படாது.