பிட்சாவால் பழிவாங்கிய நாடு! லாப்லாந்து அடுப்படி அதிசயங்கள் தெரியுமா?

தன் சாப்பாட்டைக் கேலி செய்த ஒரு பிரதமரைப் பிட்சாவாலேயே பழிவாங்கிய நாடு எது தெரியுமா? பின்லாந்து!

2005ஆம் ஆண்டு. இத்தாலியப் பிரதமராக இருந்த சில்வியோ பெர்லுஸ்கோனி, பின்லாந்துச் சாப்பாட்டைத் தான் சகித்துக்கொள்ள வேண்டியிருந்ததாக நக்கலடித்தார். அதே வருஷம் பிரான்ஸ் அதிபர் ஜாக் சிராக்கும் சேர்ந்துகொண்டார். சாப்பாடு படுமோசமான நாடு பின்லாந்தாம், அடுத்த இடம் பிரிட்டனுக்காம்! பின்லாந்துக்காரர்கள் கூச்சல் போடும் ரகமில்லை. மூன்று வருஷம் பொறுத்தார்கள். 2008இல் நியூயார்க்கில் நடந்த சர்வதேசப் பிட்சா போட்டியில் அந்நாட்டுக் கோட்டிபிட்சா நிறுவனம் களமிறங்கியது. ‘ரை’ என்ற தானியத்தின் மாவில் அடிரொட்டி, மேலே புகைபோட்ட பனிமான் இறைச்சி, காட்டுக் காளான், சிவப்பு வெங்காயம். முதல் பரிசு! அந்தப் பிட்சாவுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘பெர்லுஸ்கோனி’!

பனிமான் என்றால் வேறொன்றுமில்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்குமே, அதே ரெயின்டீர்தான். அதை எப்படிச் சமைப்பது என்று கற்றுத்தர, பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் பயணிகளுக்குச் சமையல் வகுப்புகளே நடக்கின்றன! ரொவானியெமி, லெவி, இனாரி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு மரவீட்டிலோ, நடுவில் தீ எரியும் ‘கோட்டா’ என்ற கூம்புக் குடிலிலோ உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள். வீட்டுக்குள் நுழையும்போது முதல் விதி என்ன தெரியுமா? செருப்பைக் கழற்ற வேண்டும்! நம் வீட்டு வழக்கமேதான்.

ரொவானியெமி ஊரின் வரைபடமே ஒரு பனிமான் தலை என்றால் நம்புவீர்களா? 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஊரைக் கொளுத்திவிட்டுப் போனது. ஏறக்குறைய எல்லாமே சாம்பல். மறுபடி கட்ட வந்த கட்டிடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ, சாலைகளைப் பனிமான் கொம்பின் வடிவில் கிளை பிரித்து வரைந்தார்! மேலிருந்து பார்த்தால் கொம்பு தெரியும். கீழே நடந்தால் சாதாரணத் தெருதான்!

லாப்லாந்தில் மனிதர்கள் அதிகமா, பனிமான்கள் அதிகமா? லாப்லாந்தின் மக்கள்தொகை சுமார் ஒன்றே முக்கால் லட்சம். பின்லாந்தின் மேய்ச்சல் பகுதி முழுக்கச் சேர்த்து வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட பனிமான்கள் 2,03,700! ஆனால் வகுப்பெடுப்பவர் பனிமான் வளர்ப்பவராக இருந்தால், “உங்களிடம் எத்தனை இருக்கிறது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். “வங்கியில் எவ்வளவு போட்டு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்பதும் அதுவும் ஒன்று!

பனிமான் கண் கோடையில் பொன் நிறம், குளிர்காலத்தில் நீலம்! ஒரே மான், ஒரே கண்! இருட்டு மாதங்களில் கிடைக்கிற துளி வெளிச்சத்தையும் வீணாக்காமல் பிடிக்க, கண்ணுக்குள்ளே பின்னாலிருக்கும் படலம் தானாக நிறம் மாறிக்கொள்கிறது!

‘போரோன்குசெமா’ என்றால் என்ன தெரியுமா? பழைய தூரக் கணக்கு! வண்டி இழுக்கும் பனிமான் ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டு, மறுமுறை நிற்கும்வரை போகும் தூரம். ஓடிக்கொண்டே அதனால் கழிக்க முடியாது, நின்றே ஆக வேண்டும். சுமார் 7.5 கிலோமீட்டர்! “அடுத்த ஊர் எவ்வளவு தூரம்?” “ரெண்டு போரோன்குசெமா!” சிரிக்காதீர்கள். நம் பாட்டன்மாரும் கூப்பிடு தூரம் என்று குரலால் அளந்தவர்கள்தானே!

சரி, அடுப்படிக்கு வாருங்கள். வகுப்பின் நாயகன் ‘போரோன்கேரிஸ்துஸ்’, அதாவது பனிமான் இறைச்சி வதக்கல். இறைச்சியை எப்படி நறுக்குகிறார்கள் தெரியுமா? கல்லாக உறைந்த கட்டியை அப்படியே எடுத்து, மரம் இழைப்பதுபோல் மெல்லிய சுருள்களாகச் சீவுகிறார்கள்! இளகிய இறைச்சியை இவ்வளவு மெல்லிசாக யாராலும் சீவ முடியாது. குளிர் பாதி வேலையை முடித்துவிடுகிறது. இரும்புச் சட்டியில் வெண்ணெய், சீவிய சுருள், உப்பு, மிளகு, கொஞ்சம் தண்ணீர். மூடி வைத்தால் தீர்ந்தது! இஞ்சி பூண்டு இல்லை, மசாலா இல்லை. ‘இவ்வளவுதானா?’ என்று நமக்குத் தோன்றும். தட்டில் பிசைந்த உருளைக்கிழங்கு, ஊறுகாய் வெள்ளரி, கையால் நசுக்கிய புளிப்பு லிங்கன்பெர்ரிப் பழம் எல்லாம் சேர்ந்து வந்தபிறகுதான் விஷயம் புரியும். அந்தப் புளிப்புதான் அவர்களுடைய மசாலா!

அந்தக் கிழங்கும் லேசுப்பட்டதல்ல. விரல்போல் நீண்ட, உள்ளே மஞ்சளான ‘புய்குலா’ ரகம். கோடையில் வாரக்கணக்கில் சூரியன் மறையாத வெளிச்சத்தில் விளைவது! ‘லாப்பின் புய்குலா’ என்ற இதன் பெயருக்கு 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு. வேறிடத்தில் விளைந்ததை அந்தப் பெயரில் விற்க முடியாது!

லிங்கன்பெர்ரியைத் தண்ணீர் ஊற்றிப் பாட்டிலில் போட்டு வைத்தாலே மாதக்கணக்கில் கெடாதாம்! சர்க்கரை வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம்! ஜாம் பாட்டிலில் கெடாமலிருக்கச் சேர்ப்பார்களே, பென்சாயிக் அமிலம், அது இந்தப் பழத்துக்குள்ளேயே இயற்கையாக இருக்கிறது!

குளிர் குளிர் என்கிறோமே, எவ்வளவு குளிர்? 1999 ஜனவரி 28 அன்று கிட்டிலா வட்டாரத்தின் போக்கா கிராமத்தில் மைனஸ் 51.5 டிகிரி செல்சியஸ்! பின்லாந்தின் தேசிய சாதனை. வடக்கு எல்லையில் உள்ள உட்ஸ்யோகியில் குளிர்காலத்தில் ஏறக்குறைய 50 நாள் சூரியன் தலைகாட்டவே காட்டாது!

கருவாட்டுக்கு வெயில் போதும். லாப்லாந்து உப்புக்கண்டத்துக்கு என்ன வேண்டும் தெரியுமா? வெயிலும் வேண்டும், உறைபனியும் வேண்டும்! மார்ச், ஏப்ரலில் உப்பிட்ட பனிமான் இறைச்சியைக் கூரைக்குக் கீழே வெளியில் தொங்கவிடுகிறார்கள். இரவில் உறையும், பகலில் காயும். அந்தக் குளிரில் ஒரு ஈகூடக் கிடையாது! கொஞ்சம் தாமதித்தால் ஈ வந்துவிடும், கதை முடிந்தது.

ரவை உப்புமா சாப்பிட்டு அலுத்தவர்களுக்கு ஒரு செய்தி! பின்லாந்தில் ரவையை இளஞ்சிவப்பு மேகமாக்குகிறார்கள்! ‘விஸ்பிபூரோ’ என்று பெயர். லிங்கன்பெர்ரிச் சாற்றில் சர்க்கரையும் ரவையும் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, சட்டியோடு தூக்கி வெளியே பனியில் ஆறவைத்து, பிறகு அடி அடியென்று அடிப்பார்கள். கருஞ்சிவப்புக் கஞ்சி நுரைத்து, பொங்கி, ரோஜா நிறமாகிவிடும்! பால் ஊற்றிச் சாப்பிட வேண்டும். ரவை இப்படியும் ஆகுமா என்று வாய் பிளப்பீர்கள்!

வடக்கே ரொட்டி என்றால் ‘ரியெஸ்கா’. பார்லி மாவில் தட்டி, சூட்டோடு சூடாகச் சுட்டெடுக்கும் தட்டை ரொட்டி. ஏன் பார்லி? குட்டிக் கோடைக்குள் முந்திக்கொண்டு விளைவது அதுதான்! தெற்கிலும் கிழக்கிலும் ராஜா ரை ரொட்டி. நாடு சுதந்திரமடைந்து 100 ஆண்டான 2017இல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தேசிய உணவே அதுதான். மேற்குப் பக்கத்தில் ரொட்டி நடுவில் ஓட்டை போட்டுச் சுட்டு, கம்பில் கோத்து, கூரைக்கடியில் வரிசையாகத் தொங்கவிடுவார்களாம். வளையல் கடை மாதிரி!

மரத்தைத் தின்ற கதை தெரியுமா? இது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை. 1866 முதல் 1868 வரை விளைச்சல் மேல் விளைச்சல் பொய்க்க, பின்லாந்தில் கொடும் பஞ்சம். மக்கள்தொகையில் ஏறக்குறைய 8 சதவீதம் பேர் மாண்டார்கள். நூற்றுக்கு எட்டுப் பேர்! அன்று உயிர் காத்தவற்றில் ஒன்று பைன் மரம். பட்டைக்கு உட்புறம் இருக்கும் மெல்லிய இளந்தோலை உரித்து, காயவைத்து, இடித்து, ரை மாவோடு கலந்து சுட்ட ‘பெட்டு’ ரொட்டி! கசக்கும், வயிற்றைப் பிசையும், ஆனாலும் ரொட்டி. வடக்கின் பழங்குடிகளுக்கோ பைன் உள்பட்டை பஞ்சத்துக்கான உணவு மட்டுமல்ல, வழக்கமான உணவிலும் ஒன்றாக இருந்தது! அந்தப் பழங்குடிகளின் பெயர் என்ன தெரியுமா? ‘சாமி’! நம்ம ஊர் சாமி இல்லை. பின்லாந்தில் சுமார் 10,000 பேர், அவர்களுக்குள்ளேயே மூன்று சாமி மொழிகள்!

பழுக்கும் முன் சிவப்பு, பழுத்தபின் வெளிர் ஆரஞ்சு! எல்லாப் பழத்துக்கும் தலைகீழாகப் பழுப்பது எது தெரியுமா? கிளவுட்பெர்ரி! அங்கே ‘ஹில்லா’ என்பார்கள். ஒரு தண்டுக்கு ஒரே ஒரு பழம். அதுவும் முழங்கால் புதையும் சதுப்பில், கொசுப் படைக்கு நடுவே! நல்ல விளைச்சலுள்ள சதுப்பு எங்கே இருக்கிறது என்று சொந்தக்காரர்களிடம்கூட மூச்சு விடமாட்டார்கள். இந்தப் பழத்துக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? பின்லாந்தின் 2 யூரோ நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். ராஜா இல்லை, ராணி இல்லை. இதுதான் இருக்கிறது!

அடுத்தவர் காட்டில் புகுந்து பழம் பறித்தால் என்ன தண்டனை? ஒன்றுமில்லை! பின்லாந்தில் யாருடைய காடானாலும் யார் வேண்டுமானாலும் காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். வீட்டு முற்றத்துக்குள் மட்டும் நுழையக் கூடாது. பறித்ததை விற்றுக் காசு பார்த்தால் வருமான வரியும் கிடையாது!

கொல்லும் காளானைக் கடையில் விற்கும் நாடு தெரியுமா? அதுவும் இதுவே! ‘கோர்வசியெனி’. பெயருக்கு அர்த்தம் காது காளான், பார்வைக்கு மூளைமாதிரிச் சுருங்கியிருக்கும். பச்சையாகத் தின்றால் உயிருக்கே ஆபத்து! நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, நீரைக் கொட்டி, கழுவி, மறுபடி புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதையும் கொட்ட வேண்டும். எழும் ஆவியும் நஞ்சு, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்! விற்கும்போதே எச்சரிக்கைத் தாளும் கொடுக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு இது அங்கே வசந்தகால விருந்து! சில நாடுகளில் விற்கவே தடை. நீங்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், தயவுசெய்து!

மீனைப் பலகையில் ஆணியடித்துச் சமைப்பார்களா? அடிக்கிறார்கள்! ‘லோயிமுலோஹி’. விரித்த சால்மனைத் தோல் பக்கம் பலகையில் படியவைத்து, மர முளைகளால் இறுக்கி, தீயின் ஓரத்தில் சாய்த்து நிறுத்துவார்கள். சட்டி இல்லை, தட்டி இல்லை, தீ மீனைத் தொடுவதும் இல்லை. வெறும் அனலிலேயே வெந்துவிடும்! மீதிக் கிழங்கும் சால்மனும் சேர்ந்தால் பால் சேர்த்த மீன் சூப். அதன் தலையில் தூவும் பச்சை இலை எது தெரியுமா? நம் நாட்டு மருந்துக்கடையில் விதையாக விற்கும் சதகுப்பையேதான்! ஒரு சங்கதி மட்டும் உறுத்துகிறது. வடக்கின் புகழ்பெற்ற தேனோ ஆற்றில் சால்மன் வரத்து சரிந்துபோக, 2021இல் பிடிக்கவே தடை போட்டுவிட்டார்கள். உங்கள் பலகையிலிருப்பது பெரும்பாலும் நார்வேப் பண்ணை மீன்தான்.

அரிசியே விளையாத நாட்டில் பால்சோற்றுக் கொழுக்கட்டையா? ஆமாம்! மெல்லிய ரை மாவுத் தோலுக்குள் பாலில் குழைய வெந்த சோறு, விளிம்பை விரலால் கிள்ளிக் கிள்ளி மடித்து, அதிகச் சூட்டு அடுப்பில் சுட்டால் ‘கர்யாலன்பீராக்கா’. மேலே, அவித்த முட்டையும் வெண்ணெயும் பிசைந்த விழுது! கரேலியா என்ற கிழக்குப் பகுதியின் பண்டம் இது. இரண்டாம் உலகப் போரில் அந்த மண்ணின் பெரும்பகுதி சோவியத் வசம் போக, 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர்ந்து நாடெங்கும் குடியேறினார்கள். ஊரை எடுத்துவர முடியவில்லை, கொழுக்கட்டையைக் கொண்டுவந்தார்கள்! மடிப்பு முதல் தடவையில் யாருக்கும் வராது. சோமாசி மடித்துப் பழகியவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு!

மூக்கை உறிஞ்சுங்கள். என்ன வாசனை? ஏலக்காய்! மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த ஏலக்காய், ஆர்க்டிக் வட்டத்தில் மணக்கிறது! ‘புல்லா’ என்ற இனிப்பு ரொட்டிக்கு அது இல்லாமல் ஆகாது. அதே மாவில் லவங்கப்பட்டை தூவிச் சுருட்டினால் ‘கோர்வபூஸ்தி’. அர்த்தம் தெரியுமா? காதில் விழுந்த அறை! வாத்தியாரிடம் வாங்கியதுபோல் இருக்கிறது பெயர், சுவை மட்டும் தேன்!

சுமார் 55 லட்சம் பேருக்கு 30 லட்சம் சவுனா நீராவி அறைகள்! அங்கேயும் அடுப்படிதான். காகிதம்போன்ற அலுமினியத் தாளில் சாசேஜைச் சுற்றிச் சூடான கற்கள் மேல் வைத்தால், குளித்து முடிப்பதற்குள் வெந்துவிடும்!

கடைசியாகக் காபி. ஆளுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 10 கிலோ காபித்தூள்! உலகிலேயே முன்வரிசை. வேலை ஒப்பந்தத்திலேயே காபி இடைவேளை எழுதி வைத்திருக்கிறார்கள்! லாப்லாந்தில் கரி படிந்த கெட்டிலில், திறந்த தீயில், தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, மண்டி அடியில் தங்கும்வரை காத்திருந்து ஊற்றுவார்கள். வடிகட்டியே கிடையாது. கோப்பைக்குள் முதலில் என்ன போடுகிறார்கள் தெரியுமா? பாலாடைக்கட்டி! ‘லெய்பாயூஸ்தோ’ என்ற இந்தக் கட்டியை அந்தக் காலத்தில் எதில் செய்தார்கள்? சீம்பாலில்! பசு கன்று போட்டதும் கறக்கும் அதே பால்! நாம் வெல்லம் போட்டு அவித்துத் தின்றதை, அவர்கள் தட்டி நெருப்பில் வாட்டினார்கள். இன்று சாதாரணப் பால்தான். சூடான காபியில் ஊறிய துண்டைக் கடித்தால் பல்லுக்கடியில் ‘கிறீச்’ என்று சத்தம் போடும்! காபி குடிப்பதா, கரண்டியால் தின்பதா? இரண்டும்தான்!

அந்தக் காபி வருவது ‘குக்சா’வில். பிர்ச் மரத்தில் புடைத்த முண்டைக் குடைந்து செய்த கோப்பை. சோப்பு காட்டக் கூடாது, வெந்நீர் போதும். வகுப்பு முடிந்ததும் ஆசையாக ஒன்று வாங்கலாம் என்று கை பையைத் தேடும். பொறுங்கள்! குக்சாவைச் சொந்தக் காசில் வாங்கினால் ராசியில்லை, யாராவது பரிசாகத் தர வேண்டும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. கூட வந்தவர் காதில் விழும்படி இதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்!