கதவைத் தட்ட முடியாத காலத்தில் முதுமை ஆய்வு

2020 மார்ச்சில் ஐரோப்பா முழுக்க ‘ஷேர்’ ஆய்வின் களப்பணியாளர்கள் வீடு திரும்பினார்கள். எட்டாவது சுற்று நடந்துகொண்டிருந்த நேரம். ஆய்வில் ஏற்கெனவே இருந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேரிடம் பேட்டி முடிந்திருந்தது. மிச்சமிருந்தவர்களின் வீட்டுக்குப் போக முடியாது, போகவும் கூடாது. கொரோனா அதிகம் பலிகொண்டது வயதானவர்களைத்தான்.

பொருளியல் அறிஞர் ஆக்சல் பேர்ஷ்-சூப்பான் முன்னின்று 2004-ல் தொடங்கிய ஆய்வு இது. 50 வயதைத் தாண்டியவர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்தித்து உடல்நலம், வருமானம், ஓய்வூதியம், பிள்ளைகளோடு உறவு என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். பேட்டிக்கு நடுவே ஒரு சிறு கருவியைக் கையில் கொடுத்து முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள், ஒவ்வொரு கைக்கும் இரண்டு தடவை. கைப்பிடி தளர்ந்தால் உடம்பும் தளர்கிறது என்று கணக்கு. இதைத் தொலைபேசியில் எப்படி அளப்பது?

அளக்கவில்லை. கேள்வித்தாளைச் சுருக்கி, கொரோனா பற்றிய கேள்விகளைச் சேர்த்து, ஜூன் மாதமே போன் போடத் தொடங்கினார்கள். 27 ஐரோப்பிய நாடுகளிலும் இஸ்ரேலிலும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். வெளியே போகிறீர்களா, தனிமை வாட்டுகிறதா, மருத்துவரைப் பார்க்க முடிந்ததா? ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் சிகிச்சைத் தேதி தள்ளிவைக்கப்பட்டிருந்தது. தொற்றுக்குப் பயந்து தாங்களாகவே போகாதவர்கள் தனிக்கணக்கு. காது மந்தமானவர்கள் இந்தப் போன் பேட்டியில் எவ்வளவு திண்டாடியிருப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மார்ச்சில் நின்ற ஆய்வு ஜூனிலேயே தொடர்ந்த இந்த வேகத்துக்குக் காரணம் பழைய அடித்தளம். எல்லா நாடுகளிலும் ஒரே கேள்விகள், அவரவர் மொழியில். தொற்றுக்கு முன்பே பதில் சொன்ன அதே ஆட்கள். அதனால் இத்தாலியில் ஒரு பாட்டியின் மனச்சோர்வு புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. ஐரோப்பிய ஆணையமும் பணம் கொடுத்தது. 2021 கோடையில் அதே ஆட்களை மறுபடி அழைத்தார்கள். திரட்டிய தரவுகள் பதிவுசெய்துகொள்ளும் ஆய்வாளர்களுக்கு இலவசம்.

இதுபோன்ற முதுமை ஆய்வுகளின் குடும்பத்தில் இந்தியாவுக்கும் ஓர் ஆய்வு உண்டு. மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஹார்வர்டு, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ‘லாசி’. அதன் முதல் சுற்றில் 45 வயதைக் கடந்தவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைகளுமாக 72 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். அறிக்கை வெளிவந்தது 2021 ஜனவரியில். பேட்டிகளோ கொரோனாவுக்கு முன்பே முடிந்தவை. தொற்றுக்கு முந்தைய இந்திய முதியோரின் நிலை அதில் பதிவாகியிருக்கிறது. அடுத்த சுற்றின் பதில்களை அதன் அருகில் வைத்துத்தான் கொரோனா எதைக் கொண்டுபோனது என்று பார்க்க முடியும்.