ஊராட்சிக்கு வந்த இணையம் எல்லா அறைகளுக்கும் எட்டுமா?

ஒரு காலத்தில் நமது ஊராட்சி மன்றங்களில் பொது வானொலிப் பெட்டி இருந்தது. மாலை வேளையில் மக்கள் திண்ணையிலும் மரத்தடியிலும் கூடியிருந்து வேளாண்மைச் செய்திகளைக் கேட்டனர். ஒலி எட்டாத இடம் எது என்பதைக் காதே சொல்லிவிடும். இன்று வரும் இணைய அலையோ கண்ணுக்கும் காதுக்கும் புலப்படாதது. ஆதலின் அது எட்டும் எல்லையை நாம் கணக்கிட்டே அறிய வேண்டியிருக்கிறது.

2011-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசியக் கண்ணாடி இழைத் திட்டம், 2015-இல் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைப்பது இங்கு அதன் குறிக்கோள். விருதுநகர் மாவட்டத்தின் 450 ஊராட்சிகளும் அதில் அடங்கும். ஆனால் கண்ணாடி இழை கட்டடத்தின் வாயில் வரையே வரும். அங்கிருந்து இ-சேவை மேசைக்கும் நூலகத்திற்கும் இணையத்தைக் கொண்டு செல்வது வைஃபை என்னும் சிறு பெட்டியின் வேலை. அப்பெட்டியைத் தவறான இடத்தில் வைத்தால், வாயில் வரை வந்த வசதி மக்கள் கைக்கு எட்டாமற் போகும்.

சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று. பட்டாசு ஆலைகளில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விடுகிறோம். தடுப்புச் சுவரும் எழுப்புகிறோம். தூரமும் தடுப்பும் வெடியின் வேகத்தைத் தணிக்கும் என்பதை அறிவோம். வானொலி அலையையும் இவ்விரண்டுமே தளர்த்துகின்றன. கீனன், மோட்லி என்ற பொறியாளர் இருவர் இவ்வுண்மையைக் கொண்டே, தூரத்தின் இழப்போடு சுவர்களின் இழப்பையும் கூட்டிக் காணும் எளிய முறையை வகுத்தனர். அம்முறையை நமது ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைப் போலவே எழுதிப் பார்க்கலாம்.

அலையின் தேய்வை அளக்கும் அலகு டெசிபல். 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதியாகும். 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகும். 100 மில்லிவாட் ஆற்றலுடன் புறப்படும் அலை, 87 டெசிபல் வரை இழந்தாலும் நன்கு பயன்படும். இந்த 87 நமது வரவு. இனிச் செலவைக் காண்போம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு முதல் மீட்டரிலேயே 40 செலவாகிவிடும். பின்பு தூரம் இரட்டிக்கும் போதெல்லாம் 6 செலவு. கோஸ்ட் 231 என்ற ஐரோப்பிய ஆய்வு, மெல்லிய சுவருக்கு 3.4, கனத்த சுவருக்கு 6.9, மாடித் தளத்திற்கு 18.3 எனக் கணக்கிட்டது. அது 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு உரியது. நமது பெட்டிக்கு இழப்பு சற்றுக் கூடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: மன்றத்தின் உள்ளறையில் பெட்டி இருக்கிறது, 32 மீட்டருக்கு அப்பால் நூலகம். முதல் மீட்டருக்கு 40, ஐந்து முறை இரட்டித்த தூரத்திற்கு 30, இடையிலுள்ள மூன்று கனத்த சுவர்களுக்கு 21. ஆகச் செலவு 91. நான்கு பற்றாக்குறை! அதே பெட்டியைத் தாழ்வாரத்தில், நூலகத்தை நோக்கி உயரத்தில் பொருத்தினால் குறுக்கே நிற்பது ஒரு சுவரே. செலவு 77, கையிருப்பு 10. புதுப் பெட்டி வாங்காமலே குறை தீர்ந்தது. கைப்பேசி திருப்பி அனுப்பும் அலை பெட்டியின் அலையினும் வலுக் குறைந்ததாதலின், இவ்வாறு 10 டெசிபலேனும் மிச்சம் வைப்பது நலம்.

ஊராட்சி அன்பர்கள் செய்ய வேண்டியது இதுவே. கட்டத்தாளில் கட்டடத்தின் படம் வரைந்து, ஒரு கட்டத்தை ஒரு மீட்டராகக் கொள்க. சுவர்களையும் இரும்புப் பீரோக்களையும் குறிக்க. அலை இரும்பை ஊடுருவாது. ஆதலின் பீரோவுக்குள்ளோ அதன் பின்னாலோ பெட்டியை வைத்தலாகாது. மக்கள் அமரும் இடங்களுக்கெல்லாம் கணக்கிடுக. பின்னர், அலையின் வலிமையை டெசிபலில் காட்டும் செயலி உள்ள கைப்பேசியுடன் அவ்விடங்களுக்கு நடந்து சென்று அளந்து பார்க்க. கதவுகள் மூடியிருக்கும் போதும், கூடம் நிறைந்திருக்கும் போதும் அளத்தல் வேண்டும். மனித உடலும் அலையை உறிஞ்சும். கணக்கும் அளவையும் வேறுபட்டால், சுவரின் இழப்பைத் திருத்திக்கொள்க. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது. ஆயினும் முதல் மீட்டரிலேயே ஏறத்தாழ 7 கூடுதலாகச் செலவாகும். அது ஒரே அறைக்கு ஏற்றது.

ஓர் எச்சரிக்கை: வெடிமருந்து புழங்கும் அறைகளுக்கு இத்தகைய கருவிகளைக் கொண்டு செல்ல எண்ணலாகாது. அங்கு உரிமம் வழங்கிய துறையின் விதியே விதி.

பெட்டி தலைவரின் மேசைக்கு அருகே இருப்பதா, மக்கள் அமரும் பக்கமாக இருப்பதா என்ற வினாவுக்கு ஒரு கட்டத்தாளும் ஒரு மணி நேர நடையும் விடை கூறும். பொதுப் பணத்தில் வந்த இணையம், சான்றிதழுக்காகக் காத்திருக்கும் மூதாட்டிக்கும் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கும் எட்டுமாறு செய்வது நமது கடமையாகும்.