கம்பத்துக்கு மேலே 15 கிலோமீட்டர்

ஐப்பசி மாலையில் வருசநாட்டு மலைப்பக்கம் இடித்துக் கொட்டிய மழை ஓய்ந்தபின், கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே வெண்கீற்றாக மேகம் மிஞ்சி நிற்கும். மேகமலையில் நம் முகத்தை நனைத்துப் போவது 1,500 மீட்டரில் உலவும் நீர்த்துளி மேகம். இந்தக் கீற்று மேகமோ 10 முதல் 17 கிலோமீட்டர் உயரத்தில் மிதப்பது, முழுக்கப் பனிப்படிகம். சில கண்ணுக்கே தட்டுப்படாது. திருப்பதிக்கு அருகே காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வகம் லேசர் ஒளியை மேலே பாய்ச்சி அவற்றைக் கண்டறிகிறது.

வெப்பமண்டலக் கடல்களின் மேல் பலூன் விட்டு அளந்தபோது, இத்தகைய மேகங்கள் உள்ள உயரத்தில் ஓசோன் மிகக் குறைவாக இருந்ததுண்டு. பனி அதைத் தின்றுவிடுகிறதோ? ஆய்வுக்கூடச் சோதனையில் ஓசோன் பனிமேல் ஒட்டுவதே அரிது. காரணம் இடிமேகம். கடலை ஒட்டிய, இயல்பிலேயே ஓசோன் குறைந்த ஈரக்காற்றை அது ஒரு மணி நேரத்துக்குள் 12, 14 கிலோமீட்டருக்குத் தூக்கிவிடுகிறது. பனியும் ஓசோன் குறைவும் ஒரே ஏணியில் ஏறி வந்தவை.

பனியின் பெரிய வேலை இன்னும் மேலே. அது தெரியவந்த கதை ஓர் ஓசோன் அளவியில் தொடங்குகிறது. பெரியகுளத்திலிருந்து அண்ணாந்தால் தெரியும் கொடைக்கானல் மலைக்கு, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் டாப்சன் 1928-ல் தன் ஓசோன் அளவி ஒன்றை அனுப்பினார். ஓசோனை உண்டாக்குவது வெயிலின் புறஊதா ஒளி. அப்படியானால் நம் தலைக்கு மேல்தான் அது அதிகம் இருக்கவேண்டும். கிடைத்ததோ வடதுருவப் பக்கத்தைவிடக் குறைவு. கொடைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டக் காற்றழுத்தத்துக்கு அமுக்கினால் 3 மில்லிமீட்டர்கூடத் தேறாது. இங்கிருந்து காற்று மெல்லத் துருவங்களை நோக்கி நகர்ந்து ஓசோனை அள்ளிப் போகிறதோ என்று 1929-ல் டாப்சன் எழுதினார், அரைமனதாகத்தான்.

அந்த ஊகத்துக்குச் சாட்சி 1949-ல் கிடைத்தது. இங்கிலாந்துக்கு மேலே, மழை மேகங்களைத் தாண்டிய ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கு அப்படி வறண்டு கிடப்பதை ஆய்வாளர் ஆலன் புரூவர் விளக்க முற்பட்டார். காற்றின் ஈரம் அவ்வளவு வற்றவேண்டுமானால், அது வெப்பமண்டலத்தில் 17 கிலோமீட்டர் உயரத்திலுள்ள மைனஸ் 80 டிகிரிக் குளிரைக் கடந்து வந்திருக்கவேண்டும். அங்கே ஈரம் படிகமாகி, கனத்துக் கீழிறங்கிவிடுகிறது. மேலே நுழையும் காற்றில் பத்து லட்சத்துக்கு மூன்று நான்கு பங்கு நீராவியே மிஞ்சுகிறது. நீராவி சிதைந்து பிறக்கும் ஹைட்ராக்சில் ஓசோனை அழிப்பது. ஆகவே கீற்று மேகத்தை ஓசோனின் காவல் என்றே நான் சொல்வேன்.

அண்டார்டிகாவில் கதை வேறு. அங்கே பனிமேகம் குளோரினைக் கிளப்பிவிட்டு ஓசோனில் ஓட்டை போடுகிறது. நம் தலைக்கு மேல் காற்று நுழையும் இந்த வாசலில் குளோரின் பெரும்பாலும் குளிர்பதன வாயுக்களுக்குள் பூட்டியே இருப்பதால் அந்த ஆபத்து சிறிது. காவலைச் சுற்றிக்கொண்டு நீராவி மேலே போனதும் உண்டு: 2022 சனவரியில் டோங்கா கடலடி எரிமலை சுமார் 15 கோடி டன் நீராவியை நேரே ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் ஏற்றியது. அங்கிருந்த மொத்த நீராவியில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.