ஊக்கத் தவணைத் தடுப்பூசி: செயல்முறையும் தேவையும் – இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் சூழலை முன்வைத்து

முன்னுரை

ஒருமுறை போட்ட தடுப்பூசியை மறுபடியும் போட வேண்டும் என்னும்போது, முதலில் போட்டது பயன்படவில்லையோ என்ற ஐயம் எழுவது இயல்பு. 2022 சனவரி 10 முதல் இந்தியாவில் கொரோனாத் தடுப்பூசியின் மூன்றாம் தவணை வழங்கப்பட்டது. அரசு அதனை 'முன்னெச்சரிக்கைத் தவணை' என்றது. மக்கள் 'பூஸ்டர்' என்றனர். இத்தகைய ஊக்கத் தவணை உடலில் என்ன செய்கிறது, எப்போது தேவைப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நாட்டு நாய் இனம் ஒன்றுக்குப் பெயர் தந்த இராஜபாளையமும், பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரும் இதற்குப் பொருத்தமான களங்களாகின்றன. நாய்க்கடியும், மண்ணும் சாணமும் படும் காயமும் ஊக்கத் தவணையோடு நேரடித் தொடர்புடையவை.

உடலின் நினைவு

முதல் தவணையில் நோய்க்கூற்றை உடல் புதிதாக எதிர்கொள்கிறது. நிணநீர்க்கணுக்களில் அதற்குரிய உயிரணுக்கள் பெருகி, எதிர்ப்பொருள் போதிய அளவில் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகின்றன. பின்னர் எதிர்ப்பொருளின் அளவு படிப்படியாகக் குறைகிறது. நினைவு உயிரணுக்கள் எஞ்சி நிற்கின்றன. ஊக்கத் தவணை இவற்றை எழுப்புகிறது. அப்போது சில நாள்களிலேயே முன்னினும் மிகுதியான, நோய்க்கூற்றை இறுகப் பற்றும் எதிர்ப்பொருள் உருவாகிறது. எதிர்ப்பொருள் குறைவதும் நினைவு அழிவதும் ஒன்றல்ல என்பதே இங்கு அடிப்படை.

தேவை வேறுபடும் முறை

நினைவு இருந்தும் ஊக்கத் தவணை ஏன் தேவை என்பதை நோயின் வேகம் தீர்மானிக்கிறது. கல்லீரல் அழற்சி 'பி' வைரசு நோயாக வெளிப்பட ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆவதால், நினைவு உயிரணுக்கள் விழித்தெழக் காலம் கிடைக்கிறது. எனவே தொடரை முழுமையாக முடித்த உடல்நலமுள்ளோருக்குப் பொதுவாக ஊக்கத் தவணை வேண்டியதில்லை. தட்டம்மைக்கு இரண்டாம் தவணை தருவதன் நோக்கம் வேறு. முதல் தவணை பலிக்காத சிலரையும் அது காக்கிறது. இன்புளுயன்சாவில் வைரசே மாறுவதால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஊசி தேவைப்படுகிறது. கொரோனாவில் எதிர்ப்பொருள் குறைவும் வைரசின் மாற்றமும் ஒருங்கே நிகழ்ந்தன.

இரணஜன்னி

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயத்திற்குக் கட்டும் மருத்துவத் துணியை நெய்யும் ஊர். கட்டுத்துணி காயத்தை மூடும். இரணஜன்னியைத் தடுக்க ஊசியே வேண்டும். இந்நோய்க் கிருமியின் விதைகள் மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் உள்ளன. அதன் நச்சு மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும். நோயுற்றுப் பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. ஆதலால் எதிர்ப்பொருள் குருதியில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14 வாரங்களில் முதன்மைத் தவணைகளும், 16–24 மாதம், 5–6 வயது, 10 வயது, 16 வயது ஆகிய பருவங்களில் ஊக்கத் தவணைகளும் இடம்பெறுகின்றன. மகளிருக்குக் கருவுற்ற காலத்தில் மீண்டும் வாய்ப்பு அமைகிறது. ஆடவருக்கு 16 வயதுக்குப்பின் அட்டவணையில் வாய்ப்பில்லை. தொடரை முடித்தவருக்குக் கீறல்தோறும் ஊசி தேவையில்லை. தூய சிறு காயமெனில் கடைசித் தவணைக்குப் பின் பத்தாண்டும், மண்ணோ சாணமோ படிந்த காயமெனில் ஐந்தாண்டும் கடந்திருந்தால் ஊக்கத் தவணை வேண்டும். தொடரே பெறாதவருக்கு ஓர் ஊசி போதாது. அவர் தொடரை முடிக்க வேண்டும். அழுக்குக் காயத்திற்கு ஆயத்த எதிர்ப்பொருளும் பெற வேண்டும்.

நாய்க்கடி

முன்பே ரேபீஸ் தடுப்பூசித் தொடரை முடித்தவர் மீண்டும் கடிபட்டால், 'முன்பே போட்டாயிற்று' என்று இருந்துவிடுவது உயிருக்கு ஆபத்தாகும். வைரசு நரம்பினுள் புகுந்தபின் எதிர்ப்பொருளால் அதனை எட்ட இயலாது. நோய்க்குறி தோன்றினால் மரணம் ஏறத்தாழ உறுதி. எனினும் இவருக்கு முழுத்தொடர் தேவையில்லை. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, முதல் நாளும் மூன்று நாள் கழித்தும் என இரு ஊக்கத் தவணைகள் பெறுவது பொதுவான நெறி. நினைவு உயிரணுக்கள் விரைந்து செயல்படுவதால் ஆயத்த எதிர்ப்பொருளும் வேண்டியதில்லை. நாய்க்கும் இதே தத்துவம் பொருந்தும்: மூன்று மாத வயதில் முதல் ஊசியும், பின்னர் உரிய காலத்தில் ஊக்கத் தவணையும் பெற்ற நாய், வளர்ப்போரையும் அண்டை வீட்டாரையும் சேர்த்தே காக்கிறது.

முடிவுரை

'ஊக்கம்', 'வலுவூட்டல்' ஆகிய சொற்கள் முதல் ஊசி வலுவற்றது என்ற பொருள்மயக்கத்திற்கு இடந்தருகின்றன. பிரெஞ்சு மொழியில் இதற்கு வழங்கும் 'ரப்பேல்' என்னும் சொல் நினைவூட்டலைக் குறிக்கிறது. தமிழிலும் 'நினைவூட்டுத் தவணை' என வழங்கினால் சொல்லே செயல்முறையை விளக்கிவிடும். எனினும் நினைவூட்டுவதற்கு முதலில் நினைவு இருத்தல் வேண்டும். காயம்பட்டு வருவோரிடம் கடைசி ஊசி எப்போது என்று கேட்பதோடு, முதல் தொடர் முடிந்ததா என்றும் கேட்பது இன்றியமையாதது; தடுப்பூசி அட்டையைப் பேணுவதன் பயனும் அதுவே.